நேர்ந்துகொண்டது அவர், அடகில் இருப்பது உங்கள் செயின்

இந்த வாரக் கடிதத்தை எழுதியவர் நாற்பதை ஒட்டிய வயதுக்காரர். பெயர், ஊர், சபை மூன்றையும் தவிர்த்துவிட்டேன். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாதம் 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. இவர் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். போன வருடம் ஒரு உபவாசக் கூட்டத்தில், ஆலயக் கட்டட நிதிக்கு 3 லட்சம் ரூபாய் தருவதாகக் கணவர் எழுந்து நின்று பொருத்தனை செய்துவிட்டார், அதாவது தேவனுக்கென்று நேர்ந்துகொண்டுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கே அப்போதுதான் தெரியும். பிறகு, இவருக்குப் பிறந்த வீட்டில் போட்ட 5 சவரன் செயினை வங்கியில் வைத்து 1,80,000 ரூபாய் வாங்கிக் கட்டியிருக்கிறார். சட்டைப் பையில் ரசீது கிடைத்தபோதுதான் அதுவும் தெரிந்தது. மீதி 1,20,000 ரூபாய்க்கு, இருவர் பெயரிலும் இருக்கும் வீட்டின்மேல் கடன் வாங்கலாம் என்கிறார். மகளுக்குக் கல்லூரியில் இரண்டாம் வருடக் கட்டணம் 85,000 நிற்கிறது. வாய் திறந்தால், "சாறிபாத் விதவை கடைசிப் பிடி மாவையும் கொடுத்தாள், அவள் பானை காலியாகல. உனக்குத்தான் விசுவாசம் இல்ல" என்று பதில் வருகிறதாம்.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு விஷயம். 46 மாதமாகத் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் மாதம் 1,000 ரூபாய் போட்டு வருகிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. பாஸ்புக் அரிசி ட்ரம்முக்கு அடியில் இருக்கிறது. "மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்குப் பூச்சி பிடித்ததுபோல இதுவும் ஆகிவிடுமோ அக்கா? பொருத்தனையைப் பாதியில் நிறுத்தினால் பிள்ளைகள் மேல் சாபம் வருமா? கடன் இருக்கும்போது தசமபாகத்தைக் குறைத்தால் தேவனை வஞ்சிப்பதாகிவிடுமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

ஆலோசனைப் பணிக்கு வருமுன் பல வருடம் வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். மதிப்பீட்டாளர் செயினை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கல் வைத்த பதக்கம் இருந்தால் அதன் எடையைக் கழிப்பார். எதிரே நிற்கிற ஆணிடம் "நகை யாருதுங்க?" என்று கேட்டால், "வீட்ல இருக்கறதுதான்" என்பார். பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. அதனால் வசனத்தையும் அடகு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பேசுகிறேன். பழைய ஏற்பாடும் அப்படிப் பேசுகிற புத்தகம்தான்.

உங்களை முதலில் வாட்டுவது ஆர்.டி. என்பதால் அங்கிருந்து தொடங்கலாம்.

மன்னாவும் அரிசி ட்ரம்மும்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து அன்றன்றைக்குக் கிடைத்த ஆகாரம்தான் மன்னா. அதைச் சொல்லும் யாத்திராகமம் 16-ஐப் பலரும் 20-ஆம் வசனத்தோடு மூடிவிடுகிறார்கள். சிலர் மறுநாளுக்கு வைத்தார்கள், "அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது", மோசே கோபித்தான். இன்னும் நாலு வசனம் தள்ளிப் படியுங்கள். ஆறாம் நாளில் ஆளுக்கு இரண்டு ஓமர், அதாவது வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு, சேர்க்கச் சொல்லிக் கட்டளை. அதை விடியுமட்டும் எடுத்து வைத்தார்கள். நாறவில்லை, பூச்சியும் பிடிக்கவில்லை. அதே மன்னா, அதே கூடாரம், அதே பாத்திரம். எடுத்து வைப்பதே பாவமாக இருந்தால் அந்தச் சனிக்கிழமை இஸ்ரவேலில் ஒருவரும் சாப்பிட்டிருக்க முடியாது. ஓய்வுநாளுக்கென்று வைத்ததும் பேராசையில் வைத்ததும் ஒன்றல்ல என்பதுதான் அந்த அதிகாரம் சொல்லும் செய்தி.

இன்னொன்று. மன்னா என்றைக்கும் பெய்துகொண்டிருக்கவில்லை. யோர்தானைக் கடந்து கில்காலில் பாளயமிறங்கி, அந்தத் தேசத்துத் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாளே அது நின்றுபோனது (யோசுவா 5:12). அதன்பிறகு கர்த்தர் போஷித்தது மழையாலும் வயலாலும். உழுதார்கள், விதைத்தார்கள், அறுத்தார்கள், களஞ்சியத்தில் கொட்டினார்கள். லேவியராகமம் 25-ல் ஜனங்கள் நம்மைப்போலவே ஒரு கேள்வி கேட்பதாக வருகிறது: ஏழாம் வருடம் விதைக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது என்றால் எதைச் சாப்பிடுவது? ஆறாம் வருடத்தில் மூன்று வருடத்துக்கான பலன் வரும், ஒன்பதாம் வருடம்வரை பழையதைச் சாப்பிடுவீர்கள் என்பது பதில். பழையதைச் சாப்பிட வேண்டுமென்றால் யாரோ ஒருவர் அதைக் கட்டிக் காத்திருக்க வேண்டுமே! எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழு வருடமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தான். சொப்பனத்தைக் கொடுத்தவர் தேவன், குதிர் கட்டியது யோசேப்பு. நம் பழைய தமிழ் வேதாகமம் அவனை "விசாரணைக்காரன்" என்கிறது. போத்திபாரின் வீட்டு விசாரணைக்காரன். இன்றைக்கு விசாரணை என்றால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் அது ஒப்படைத்ததை விசாரித்துக் கவனித்துக்கொள்வது.

ஆகவே மகள் படிப்புக்கென்று எடுத்து வைத்த 46,000 ரூபாய் ஆறாம் நாள் மன்னா. அதில் பூச்சி பிடிக்காது. ஆனால் ட்ரம்முக்கு அடியில் ஒளித்து வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் உங்களுக்குத் தெரியாமல் செயினை வைத்தார், நீங்கள் அவருக்குத் தெரியாமல் பணம் கட்டினீர்கள். இரண்டும் ஒரே எடை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் உங்கள் பொருளைக் கொண்டுபோய் வைத்தார், நீங்கள் உங்கள் தையல் காசைச் சேர்த்தீர்கள். ஆனாலும் அந்த வீட்டில் பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேச முடியவில்லை என்பதற்கு இரண்டுமே சாட்சி.

அந்த விதவையும் இன்னொரு விதவையும்

உங்கள் கணவர் சொல்லும் சாறிபாத் கதை 1 இராஜாக்கள் 17-ல் இருக்கிறது. பஞ்ச காலம், சீதோன் பக்கத்து ஊர், பட்டணத்து வாசலில் விறகு பொறுக்குகிற ஒரு ஏழைப் பெண். பானையில் ஒரு பிடி மா, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். தீர்க்கதரிசியான எலியா அவளிடம் கேட்டது ஒரு சிறிய அடை. பயப்படாதே என்றும், மழை பெய்யும் நாள்மட்டும் மாவு செலவழிந்துபோகாது என்றும் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவள் மாவில் கை வைத்தாள். அவள் கொடுத்தது அவளுடைய பானையிலிருந்து. முடிவெடுத்ததும் அவள். அண்டை வீட்டுக்காரியின் பானையைத் தூக்கிக் கொடுக்கவில்லை, அடகு வைத்து மாவு வாங்கவும் இல்லை. இந்தக் கதையில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற ஆள் யார் என்று யோசித்தால், அந்த விதவையின் இடத்தில் நிற்பது நீங்கள்தான். உங்கள் பானையில் இருந்ததை உங்களைக் கேட்காமல் எடுத்தார்கள்.

எனக்கென்னவோ உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருங்கிய கதை 2 இராஜாக்கள் 4 என்று தோன்றுகிறது. அங்கேயும் ஒரு விதவை, அங்கேயும் எண்ணெய். ஆனால் அவள் வீட்டில் கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவன் இரண்டு பையன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். தீர்க்கதரிசியான எலிசா எடுத்த எடுப்பிலேயே கேட்பது ஒரு கணக்காளனின் கேள்வி: வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது? ஒரு குடம் எண்ணெய். பக்கத்து வீடுகளில் வெறும் பாத்திரம் கேட்டு வாங்கச் சொல்கிறான், கதவைப் பூட்டச் சொல்கிறான். பாத்திரங்கள் நிரம்பியதும் அவள் ஓடிவந்து சொல்கிறாள். அற்புதம் நடந்து முடிந்த அந்த நிமிடத்தில் தீர்க்கதரிசி சொன்னதைப் பாருங்கள்: "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்." காணிக்கை கொண்டுவா என்று ஒரு வார்த்தை இல்லை. கர்த்தர் வீட்டுக்குள் ஊற்றிய எண்ணெய் நேராகக் கடைத்தெருவுக்குப் போய்க் கடனடைக்கிறது. இந்த ஒரு அதிகாரத்தை உங்கள் கணவரோடு சேர்ந்து வாசிக்க முடிந்தால் போதும் என்பேன். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம், வாசித்தாலே போதும்.

பொருத்தனை, சாபம்

இந்தப் பயம் உங்களுக்கு மட்டுமில்லை, எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இருக்கிறது. பொருத்தனை விளையாட்டல்ல என்பது உண்மை. நேர்ந்துகொண்டதைச் செலுத்தத் தாமதிக்காதே என்று உபாகமம் 23-ம், நேர்ந்துகொண்டு செலுத்தாமற்போவதைவிட நேராமலிருப்பதே நலம் என்று பிரசங்கி 5-ம் சொல்கின்றன. இதை மறைத்துவிட்டு நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லக் கூடாது.

ஆனால் பொருத்தனைக்கென்றே ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. லேவியராகமம் 27. மேடையில் அதை வாசித்து நான் கேட்டதில்லை. ஒருவர் ஒரு மனுஷனைக் கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணினால் எவ்வளவு செலுத்துவது என்று அங்கே ஒரு பட்டியலே உண்டு. இருபது முதல் அறுபது வயதுவரை ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு 30, சிறுவருக்கும் முதியவருக்கும் குறைவு. இவ்வளவு கறாராகத் தொகை சொன்ன கையோடு எட்டாம் வசனம்: அவ்வளவு செலுத்த முடியாத தரித்திரனாக இருந்தால் அவன் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்கட்டும், பொருத்தனை பண்ணினவனுடைய "திராணிக்கேற்றபடி" ஆசாரியன் மதிப்பிடட்டும். அந்த இடத்தில் சாபத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. தொகையைக் குறைத்துக்கொள்ளும் வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. ஆனால் வந்து நிற்க வேண்டியவர் நேர்ந்துகொண்டவர்தான். உங்கள் கணவருக்குப் பதிலாக நீங்கள் போய் நின்று அதை ரத்து செய்ய முடியாது, அது அவர் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தை.

அதே அதிகாரத்தின் 26-ஆம் வசனமும் உங்கள் செயினைப் பற்றிச் சொன்னதுபோல் இருக்கிறது. ஆடு மாடுகளின் தலையீற்று, அதாவது முதல் குட்டி, ஏற்கெனவே கர்த்தருடையது, ஆகையால் அதை ஒருவனும் நேர்ந்துகொள்ளக் கூடாது. ஏற்கெனவே இன்னொருவருக்குச் சொந்தமானதைத் தன்னுடையதுபோல் நேர்ந்துகொள்வது பொருத்தனை ஆகாது என்பதுதானே இதன் நியாயம்? தாவீது எருசலேமில் பலிபீடம் கட்ட அர்வனாவின் களத்துக்குப் போனபோது, களமும் மாடும் விறகும் சும்மா எடுத்துக்கொள்ளும் என்றான் அர்வனா. ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்கின பிறகே பலி. சந்தோஷமாகக் கொடுக்க வந்தவனிடமே சும்மா வாங்கவில்லை என்றால், கேட்கவே கேட்காமல் எடுத்த செயினை என்னவென்று சொல்வது!

பாஸ்டரைப் பற்றி

"பாஸ்டர்தான் இவரை மயக்கிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடிதத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. 1,80,000 ரூபாய் அடகுக் காசு என்பது அவருக்குத் தெரியாமலேகூட இருக்கலாம். தெரிந்தால் தூக்கம் கெடும் போதகர்களை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் "மீதி எப்போ?" என்று கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் பாஸ்டர் எந்த வகை என்பது சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். சொல்லாமலே தீர்ப்பெழுத வேண்டாம்.

கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் தயங்காதீர்கள். யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி ஆசாரியர்களிடம் பணத்தை விட்டான். ராஜாவின் 23-ஆம் வருடம் வரைக்கும் ஒரு விரிசலும் அடைபடவில்லை. அப்புறம்தான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் இருவருமாக எண்ணிக் கட்டினார்கள் (2 இராஜாக்கள் 12). நம் உண்டியலுக்கு மூத்த அண்ணன். ஆசரிப்புக் கூடாரத்துக்கு வந்த பொன்னுக்கும் இப்படித்தான் கணக்கு: 29 தாலந்தும் 730 சேக்கலும் என்று கடைசி சேக்கல்வரை எழுதி வைத்திருக்கிறது. அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால், வேலைக்கு வேண்டியதற்கு மேல் குவிகிறது என்று வேலைக்காரர்கள் வந்து சொன்னதும், இனி ஒருவரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் முழுக்கக் கூற வைத்தான். "போதும், நிறுத்துங்கள்" என்று சொன்ன கட்டட நிதி அறிவிப்பை இன்றைக்கு எங்கே கேட்கிறோம்?

தசமபாகம்

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது தசமபாகம். இதை நீட்ட விரும்பவில்லை, சபைக்குச் சபை போதனை மாறுகிறது. தசமபாகங்களைக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10 எல்லாருக்கும் மனப்பாடம். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்ற முதல் வார்த்தைகளைக் கவனிப்பவர் குறைவு. அங்கே போனது தானியம், திராட்சரசம், எண்ணெய். ஆலய ஊழியம் செய்த, நிலம் இல்லாத லேவியர் சாப்பிட. மூன்றாம் வருடத் தசமபாகம் ஊருக்குள்ளேயே நின்று, லேவியனோடு பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள் (உபாகமம் 14). அதே மல்கியா 3-ல் ஐந்து வசனம் முன்னால் கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவனையும் விதவையை ஒடுக்குகிறவனையும் கர்த்தர் கண்டிக்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் "உன் இளவயதின் மனைவிக்கு" துரோகம் பண்ணினாயே என்று கேட்கிறார். அது மனைவியைத் தள்ளிவிடுகிறவர்களுக்குச் சொன்னது, உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை. இருந்தாலும் 3:10-ஐ மட்டும் கத்தரித்து எடுப்பது எவ்வளவு தூரம் சரி என்று யோசிக்க வைக்கும். காணிக்கையை நிறுத்தச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். "அவனவன் தன் தன் தகுதிக்கேற்றபடி" என்கிறது உபாகமம் 16:17. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம், அதற்கும் இல்லாதவன் ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவரலாம் என்று லேவியராகமம் 5 இறங்கி வருகிறது. கடன் தீரும்வரை எவ்வளவு என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். அதற்கு வஞ்சிப்பு என்று பெயர் வைக்க மாட்டேன்.

இனி ரசீது

வீட்டின்மேல் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் நான் இரண்டு பக்கமும் பேசப் போவதில்லை. பத்திரம் இருவர் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் வங்கி கொடுக்காது. போட்டுவிட்டால் கடன் உங்களுடையதும் ஆகும். "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால், நீ படுத்திருக்கும் படுக்கையையும்" எடுத்துக்கொள்வார்கள் என்று நீதிமொழிகள் 22 எச்சரிப்பது இந்தக் கையெழுத்தைத்தான். மறுப்பதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "பிள்ளை படிப்பு முடியற வரைக்கும் வீட்டைத் தொட வேண்டாம்" என்றால் போதும்.

நகைக்கடன் ரசீதில் தவணை முடியும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வருடம். வட்டி 9 சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 16,200, மாதம் 1,350 ரூபாய். தேதிக்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கிளையில் கேளுங்கள். அசலிலும் அவ்வப்போது ஆயிரம் ஐந்நூறு கட்டலாம், வாங்கிக்கொள்வார்கள். ஏலத்துக்கு முன் நோட்டீஸ் வரும். அது உங்கள் கணவர் பெயருக்குத்தான் வரும் என்பதால் தபால்காரர் வரும் நேரத்தில் கண் இருக்கட்டும். நகைக்கடன் தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணில் அடி விழும். கல்விக் கடனுக்குப் பெற்றோர்தான் இணைக் கடனாளியாக நிற்க வேண்டியிருப்பதால் அந்த அடி மகள் தலையில் போய் விழும்.

மகள் கட்டணத்துக்குக் கல்விக் கடன் கேட்கலாம். பொதுத்துறை வங்கிகளில் 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. ஆர்.டி.யை அவசரப்பட்டு மூடாதீர்கள். ஐந்து வருடக் கணக்கில் 14 மாதம்தான் பாக்கி. இடையில் மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். இருப்பில் பாதிவரை அதன்மேலேயே கடன் வாங்கலாம், உங்களுக்கு 23,000 ரூபாய். கல்லூரியில் தவணை கேட்டால் முதல் தவணைக்கு அது ஆகும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்த வீட்டில் போட்ட நகை உங்களுடையது. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவியின் சீதனப் பொருளைக் கைமாற்றுவதையும் பொருளாதாரக் கொடுமையில் சேர்த்திருக்கிறது, எந்த மதத்தவருக்கும் பொருந்தும். உங்கள் கடிதத்தில் அடி உதை இல்லை, மிரட்டல் இல்லை. இப்போதைக்கு இது தெரிந்து வைத்திருந்தால் போதும். வீட்டுப் பத்திரம் காணாமல் போனாலோ, கையெழுத்துக்குக் கட்டாயப்படுத்தினாலோ காத்திருக்காமல் மாவட்ட இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

பேசும் நாளாக ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பிரசங்கத்தின் சூடு இருக்கும். வாரநாள் ராத்திரி, பிள்ளைகள் படுத்த பிறகு, சாப்பாட்டு மேஜையில் நாலு தாளை வையுங்கள்: அடகு ரசீது, கல்லூரிக் கட்டணச் சீட்டு, அவருடைய சம்பளச் சீட்டு, ட்ரம்முக்கு அடியிலிருந்து எடுத்த பாஸ்புக். பாஸ்புக்கை முதலில் நீட்டுங்கள். ஆபீசில் ஒரு வவுச்சர் காணவில்லையென்றால் ராத்திரி தூங்க மாட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதரிடம் பேசுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்றவரிடம் பேச வேண்டாம். பாஸ்டரைப் பார்க்க இருவருமாகப் போய், "இவ்வளவுதான் முடியும்" என்று அவர் வாயால் சொல்ல வைக்க முடிந்தால் லேவியராகமம் 27:8 நடந்தேறிவிட்டது. கட்டிய 1,80,000 திரும்பி வரும் என்று நம்பிப் போகாதீர்கள், மீதி 1,20,000-ஐப் பற்றி மட்டும் பேசுங்கள்.

முதல் நாள் அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடலாம். தாள்களை மேஜையிலேயே விட்டுவிட்டு நீங்களும் போய்ப் படுங்கள். அடகுத் தேதி தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.